சங்கிலி ஜெபத்தில் கூடுதலாக ஒரு குரல்

கோவில்பட்டி,
மாசி மாதம், திங்கட்கிழமை.

அன்பு மகன் கிங்ஸ்லிக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று எல்லாக் கடிதத்திலும் கேட்பதுதான், ஆனால் இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றே கேட்கிறேன். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போனில் பேசுகிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ என்ன பேசுகிறாய்? நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா, குளிரு பரவாயில்லம்மா என்று அதே வரிசையில் ஒப்பித்துவிட்டு, டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். காமிரா கெட்டுவிட்டது என்று தீபாவளிக்கு முன்னால் சொன்னாய். ஒரு போனைச் சரிபார்க்க அயர்லாந்தில் ஆளே கிடையாதா? உன் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நீயே யோசித்துக்கொள். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிறவரை நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுக்கப் படி. படித்து முடித்ததும் அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று சிரித்தாலும் சரி, சிரிக்கிற சத்தத்தைக் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று.

இங்கே வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. உளுந்து, பாசி எல்லாம் எடுத்தாயிற்று, பருத்தியும் வத்தலும்தான் காட்டில் நிற்கின்றன, கரிசல் இப்போதே வாய் பிளக்கத் தொடங்கிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு மிஷன்காரர்கள் எங்களை வாலிபர் ஊழியத்துக்கு இங்கே அனுப்பியபோது நீ என்னைக் கேலி செய்தாய், முப்பது வருஷம் பிள்ளைகளை அதட்டியது போதாதா என்று. ஊழியம் என்றால் பிரசங்கம் என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். பாதிக்கு மேல் சாதம் வடிப்பதாகத்தான் இருக்கிறது. காலையில் நூல் மில்லில் நைட் ஷிப்ட் முடித்த பெண்பிள்ளைகள் வருவார்கள், இட்லி சாப்பிட்டுக்கொண்டே தூங்கிவிடுவார்கள். அதில் மாரிச்செல்வி என்று ஒருத்தி இருக்கிறாள், கழுகுமலைப் பிள்ளை, கையில் இட்லியோடு தூங்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. சாயந்திரம் பையன்கள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற வெயிலுமுத்து, போலீஸ் பரீட்சைக்குப் படிக்கிற சுடலைக்குமார், இப்படி. அப்பா அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பாதிப் பேர் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள்தான், அவர்களை யாரும் எதற்கும் கட்டாயப்படுத்துவதில்லை. கேட்பதற்கு இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று வருகிறார்கள். அப்பாவுக்குக் காது முன்னைவிட மந்தம், மெஷின் மாட்டினால்தான் கேட்கிறது, அதையும் குடைகிறது என்று அடிக்கடி கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். என் பேச்சுக்கு மட்டும் வேண்டுமென்றே கழற்றுகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் நம் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார்கள். அதற்கு முன்னால் சங்கிலி ஜெபம். உனக்குத் தெரியும், நீயும் சின்னதில் உட்கார்ந்தவன்தான். பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, பக்கத்துக் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் ஜெபம் செய்வது, முடித்தவர் அடுத்தவர் கையை அழுத்தினால் அவர் முறை. இங்கே பையன்கள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம். இரண்டு வரிசையும் சேருகிற ஒரு முனையில் நானும் அப்பாவும் உட்காருவோம். மறுமுனையில் கடைசிப் பையனான வெயிலுமுத்துவும் முதல் பெண்ணான மாரிச்செல்வியும் கையைப் பிடித்துக்கொள்ள முடியாதே, அதனால் நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டுவிடுவார்கள். அந்த இடத்தில் மட்டும் கை அழுத்துவது கிடையாது, வெயிலுமுத்து ஆமென் சொன்னதும் மாரிச்செல்வி தானாக ஆரம்பித்துக்கொள்வாள். கார்த்திகையில், மழை பெய்து காடெல்லாம் பச்சையாகக் கிடந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயிலுமுத்து முடித்த பிறகு அந்த இடத்திலிருந்து இன்னொரு குரல் ஜெபம் செய்தது.

ஆண் குரல். மெதுவாக, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி. இங்க சீக்கிரமே இருட்டிருது ஆண்டவரே, கை விறைச்சுப் போச்சு, மாடிப்படி ஏற முடியல. எங்கம்மா அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். அவ்வளவுதான். ஆமென் இல்லை, பாதியில் நின்றது. ஆமென் வருமா என்று காத்திருந்துவிட்டு மாரிச்செல்வி ஆரம்பித்தாள். உன் அப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு, ஜெபத்தில் யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது, முடிந்த பிறகு யார் என்ன ஜெபித்தார்கள் என்று கேட்கவும் கூடாது, கேட்டால் கூச்சப்படுகிற பிள்ளை அடுத்த வாரம் வாயைத் திறக்காது என்பார். அதனால் யாரும் கேட்கவில்லை. வெயிலுமுத்து யாரோ புதுப்பையன் தாமதமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்ததாக நினைத்திருக்கிறான். மாரிச்செல்வி, வெயிலுமுத்துதான் இரண்டாவது தடவை ஜெபிக்கிறான் என்று நினைத்திருக்கிறாள். நான் கூட ஒரு தட்டு கூடுதலாக வைத்தேன், பந்தி முடிந்தபோது அது மிச்சம் இருந்தது, எண்ணிக்கையில் தப்புச் செய்துவிட்டேன் என்று எடுத்து அடுக்கினேன்.

அடுத்த வாரமும் வந்தது. அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு வாரமும் குளிரையும் இருட்டையும் அந்த மாடிப்படியையும் பற்றித்தான், கடைசியில் அம்மா அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான். அப்பா பூரித்துப் போனார். எவ்வளவு ஆழமான ஜெபம் என்று, உள்ளத்தின் இருட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார், பெண்பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு இது ஒரு வியாதி கிங்ஸ்லி. குளிருகிறது என்று ஒருவன் சொன்னால் போர்வை எடுத்துக் கொடுக்க மாட்டோம், அதற்கு ஆவிக்குரிய அர்த்தம் என்ன என்று பார்ப்போம். பெற்றோருக்குத் தெரிய வேண்டாம் என்கிறானே, எந்தப் பையன் எதை மறைக்கிறான் என்றுதான் எனக்குக் கவலை. அப்பாவின் சட்டத்தை மீறி சுடலைக்குமாரைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுல எதையும் மறைக்கியாய்யா என்று கேட்டேன். அவன் பொலபொலவென்று அழுதுவிட்டான். ஓட்டத் தேர்வுல போன மாசமே தோத்துட்டேன் டீச்சர், அம்மாட்ட இன்னும் சொல்லல என்றான். அவனைத் தேற்றி, அவன் அம்மாவிடம் நானே பேசி, அது ஒரு வழியாக முடிந்தது. ஆனால் ஜெபத்தில் அப்படிச் சொன்னது அவன் இல்லை. நான் இல்ல டீச்சர், அது புதுசா வார அண்ணன்லா என்றான். அந்த அண்ணனைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்ல, கண்ண மூடியிருக்கும்போதுதான வாராவ என்றான். அவனுக்கு அது விசித்திரமாகவே தோன்றவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு இன்னொன்றும் நடந்தது. எல்லாரும் எழுந்து போனதும் பாயைச் சுருட்டப் போனேன், அந்த இடைவெளியில் பாய் ஈரமாக இருந்தது. தண்ணீர் சிந்தியதாக நினைத்து வெயிலில் போட்டேன். இங்கே துவைத்துப் போட்ட சேலை கால் மணி நேரத்தில் முறுகிவிடும். பாயும் காய்ந்தது, அந்த ஒரு இடம் மட்டும் சாயந்திரம் வரை நனைந்தே கிடந்தது, கையை வைத்தால் சில்லென்றிருந்தது. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முன்பே எனக்கு அந்தக் குரல் யாருடையது என்று தோன்றிவிட்டது. ஆரம்பிக்கும்முன் ஒரு மூச்சை இழுத்து, விடாமல் கொஞ்சம் நிறுத்தி வைத்துவிட்டுப் பேசுகிற விதம், அது நீ பள்ளிக்கூடத்தில் ஒப்புவித்தல் போட்டிக்கு மேடை ஏறிய நாளிலிருந்து நான் கேட்டுப் பழகியது. பிள்ளையை நினைத்து ஏங்குகிறவளுக்குக் காற்று அடித்தாலும் பிள்ளை கூப்பிடுகிற மாதிரித்தான் கேட்கும் என்று என்னையே அதட்டிக்கொண்டேன். நீதான் ஜெபம் செய்வதை விட்டு இரண்டு வருஷம் ஆகிறதே, நேருக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தானே விமானம் ஏறினாய்.

தை மாதம் நம் வீட்டுக்கார அண்ணாச்சி வந்தார். திருப்பதி அண்ணாச்சி, முன்கட்டில் அவர் குடும்பம், பின்கட்டில் நாங்கள், நடுவில் ஒரே சுவர். மெயின் பஜாரில் பலசரக்குக் கடை, வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இராது, தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். கையில் கடம்பூர் போளிப் பொட்டலம் இருந்தது. தம்பி வந்திருக்காவளாம்லா டீச்சரம்மா, அதான் குடுத்துட்டுப் போவலாம்னு என்றார். எந்தத் தம்பி என்று கேட்டேன். ஒங்க மவன்தான், வெளிநாட்டுத் தம்பி, ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஜெபத்துல சத்தம் கேக்குதே, சாயந்திரம் போன்ல பேசுவாவள்ள, அதே சத்தம், வந்து நாளாச்சு போல, வெளிய தலையே காட்டலையே, ஒடம்புக்குச் சொகமில்லையா என்றார். அப்பாவுக்காக உன் போனை எப்போதும் சத்தமாக ஸ்பீக்கரில்தானே போடுகிறோம், அப்படி அவருக்கு உன் குரல் பழக்கம். நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். உன்னை நேரில் பார்த்தே இராத மனிதர், நம் ஜெபத்தோடு ஒட்டு உறவு இல்லாதவர், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு உன்னைக் கேட்டிருக்கிறார். நான் பயந்துபோனேன் மகனே, அதை மறைக்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். ஒனக்கும் தெரிஞ்சிட்டா ஏட்டி என்றார். அவருக்கு முதல் வாரமே தெரியுமாம். அன்றைக்குக் காது மெஷின் சட்டைப்பையில் கிடந்ததாம். மற்ற பிள்ளைகள் ஜெபித்தது ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லையாம், அந்த ஒரு குரல் மட்டும் காதோடு காதாகப் பேசுகிற மாதிரி கேட்டதாம். பின் எதற்கு உள்ளத்தின் இருட்டு என்று ஒரு மணி நேரம் பேசினீர்கள் என்று கேட்டேன், சண்டைக்கே போனேன். நெசமான இருட்டுன்னு நெனைச்சா எனக்குத் தாங்கலையே என்றார். நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே பயத்தை மூன்று மாதம் சுமந்திருக்கிறோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் இடம் மாறினேன். பிள்ளைகளிடம் முழங்கால் வலி, சுவரில் சாய்ந்து உட்கார வேண்டும் என்று சொல்லி மாரிச்செல்விக்குப் பக்கத்தில், இடைவெளியை ஒட்டி உட்கார்ந்தேன். இந்தப் பக்கக் கையை அவளிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கக் கையைப் பாயின் மேல் விரித்து வைத்தேன். வெயிலுமுத்து ஆமென் சொன்னான். என் உள்ளங்கையில் ஒரு கை வந்து இருந்தது. ஈரமாக, ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்த மாதிரி, ஆஸ்பத்திரி சோப்பு வாசனையோடு. கட்டை விரலை என் கைக்குள் மடக்கி ஒளித்துக்கொண்டு பிடிக்கிற பிடி. ரோட்டைக் கடக்கும்போது நீ அப்படித்தான் பிடிப்பாய். நான் கண்ணைத் திறந்தேன் கிங்ஸ்லி. இத்தனை வருஷத்தில் ஜெபத்தில் முதல் தடவையாகத் திறந்தேன். பாய் இருந்தது, அதன் மேல் என் கை இருந்தது, விரல்கள் எதையோ சுற்றி மூடியிருந்தன, அங்கே ஒன்றும் இல்லை. வெளியே பட்டப்பகல், அண்ணாச்சி வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. குரல் என் தோளுக்குப் பக்கத்திலிருந்து, அம்மா அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் ஆண்டவரே என்றது. நான் பக்கத்தில் இருப்பது அதற்குத் தெரியவில்லை. என்னைத் தெரிந்தே பிடித்திருந்தாலாவது எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

அதன்பிறகு வாராவாரம் அங்கேதான் உட்காருகிறேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தக் கையை நம்பிப் பயத்தைச் சமாளித்தேன். நேற்று கை வந்தது, குரல் வரவில்லை. பிள்ளைகள் எல்லாரும் காத்திருந்தார்கள், அண்ணன் ஜெபிக்கட்டும் என்று ஒருவரும் அசையவில்லை. அந்த மூச்சு மட்டும் கேட்டது, இழுத்து நிறுத்தியது, விட்டது, மறுபடி இழுத்தது, பேச்சு வரவில்லை. பிடி போன வாரத்தைவிடத் தளர்ந்திருந்தது, நான்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் அப்பா அந்தப் பக்கத்திலிருந்து உடைந்த குரலில் ஆமென் சொல்லி முடித்தார். சாயந்திரம் நீ போன் செய்தாய். நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா, குளிரு பரவாயில்லம்மா. ஜெபம் பண்ணுனியாய்யா என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நீ பதில் சொல்லவில்லை. அதே மூச்சு கேட்டது, இழுத்து நிறுத்தியது, விட்டது. பிறகு டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாய்.

போனில் பேசுகிற நீ நல்லா இருக்கேன் என்கிறாய். பாயில் வந்து உட்காருகிற நீ, அம்மா அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்கிறாய். இதில் எந்தப் பிள்ளையை நான் நம்புவது? உனக்கு வேலை போய்விட்டதா, உடம்பில் ஏதும் சொல்ல முடியாத நோயா, மனசு உடைந்து கிடக்கிறாயா, உயிரை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஏதாவது யோசிக்கிறாயா, எழுதவே கை கூசுகிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன், பேர் சொல்லிக் கேட்டால்தான் பேர் சொல்லிப் பதில் வரும். எதுவாக இருந்தாலும் எங்களுக்குத் தெரியட்டும். ஆண்டவரிடம் நீ கேட்ட அந்த ஒரு விண்ணப்பத்தை மட்டும் அவர் கேட்கவில்லை என்று வைத்துக்கொள், அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்கிறேன். ஜெபிக்காமல் போனாலும் பரவாயில்லை, சர்ச்சுக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, இதை ஊழியக்காரியாக இருந்துகொண்டு எழுதுகிறேன், அப்பாவும் எழுதச் சொன்னார். மிஷன் ஆபீசுக்குப் போன் செய்து, எங்கள் இடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு எங்கள் பிள்ளையைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று காலையிலேயே சொல்லிவிட்டார். ஒரு நாள்கூட லீவு எடுக்காத மனிதர்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ஓட்டப்பிடாரத்துப் பிள்ளை ஐஸ்வர்யா, நம்மிடம் வந்து போனவள், நர்சு வேலைக்கு உன் ஊருக்குப் பக்கத்திலேயே வருகிறாள், இன்று ராத்திரி மதுரையில் விமானம் ஏறுகிறாள். உன் கையில்தான் தர வேண்டும், வாசலில் போட்டுவிட்டு வரக் கூடாது, கதவு திறக்காவிட்டால் திறக்கிறவரை தட்ட வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மாடிப்படி இருக்கும், ஈரமாக இருக்கும், பார்த்து ஏறு என்றும் சொன்னேன். அங்கே மாடிப்படி இருப்பது ஒங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர் என்று கேட்டாள். அவள் எதிரிலேயே இதைப் பிரித்துப் படி, அவள் போனிலிருந்து உன் முகத்தை எங்களுக்குக் காட்டு. தாடியும் மீசையுமாக இருந்தாலும் காட்டு. அவளிடம் எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொடுத்திருக்கிறேன், அவள் ஒரு வாய் சோறு ஆக்கித் தருவாள், மறுக்காமல் சாப்பிடு. கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. தனியாக இருட்டில் உட்காராதே, எல்லா விளக்கையும் போட்டு வை.

ஆண்டவர் உன்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை காக்கட்டும், உன் போக்கையும் வரவையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும். அப்பா உன் தலையில் கை வைத்துச் சொல்கிற மாதிரி நினைத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமையும் நான் அந்த இடத்தில்தான் உட்காருவேன், கையை விரித்துத்தான் வைப்பேன், நீ வந்தால் விட மாட்டேன். ஆனால் நீ அங்கே வராதே மகனே. ஐஸ்வர்யாவுக்குக் கதவைத் திற. வெயிலுமுத்து ஆமென் சொன்ன பிறகு என் கை காலியாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் இந்த வாரம் அம்மாவின் ஜெபக்குறிப்பு.

என்றும் உன் நினைவாக,
அம்மா ரத்தினபாய்,
அப்பா தங்கையா.